அலாவுதீனின் உம்மா எங்கே?



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். சமையல் சந்தேகங்கள் குறைந்து பிள்ளைகளைப் பற்றிய முறைப்பாடுகள் கூடும். இம்முறை இரண்டு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன். கொட்டாஞ்சேனைச் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "பிள்ளைகள் அலாவுதீன் படத்தை மனப்பாடமாகும் வரை பார்த்துவிட்டார்கள். இது நம்முடைய கதையா, வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதையா?" வெள்ளவத்தைச் சகோதரி கேட்பது வேறு விதம்: "காலி வீதிக் கடையொன்றில் ஆயிரத்தொரு இரவுகள் வாங்கினேன். படத்தில் உள்ளது புத்தகத்தில் இல்லை, புத்தகத்தில் உள்ளது படத்தில் இல்லை. எதைத்தான் நம்புவது?"

இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ஆனால் நடுநிலையான பதிலை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஒன்பது வயதில், அட்டை கிழிந்த ஒரு பிரதியோடு தொடங்கிய பைத்தியம் இது. படங்களையும் ஒன்று விடாமல் தேடிப் பார்த்தவள்தான். என்றாலும் வழக்கு என்று வந்தால் நான் புத்தகத்தின் பக்கம்.

முதலில் அலாவுதீனையே எடுத்துக்கொள்வோம். 1992இல் வந்த டிஸ்னி சித்திரப் படத்திலும், 2019இல் வில் ஸ்மித் பூதமாக நடித்த படத்திலும் அலாவுதீனுக்குத் தாய் இல்லை. தெருவில் அலையும் அநாதை அவன். புத்தகத்திலோ தாய் இல்லாவிட்டால் கதையே இல்லை. தையற்காரர் முஸ்தபா இறந்துவிடுகிறார். மகன் ஊர் சுற்றி. அந்த விதவைத் தாய் பஞ்சு நூற்று விற்று அவனுக்குச் சோறு போடுகிறாள். குகைக்குள்ளிருந்து அவன் விளக்கோடு வீடு வந்த மறுநாள் வீட்டில் சாப்பிட ஒன்றுமில்லை. விளக்கை விற்கலாம் என்கிறான். அழுக்காக இருந்தால் விலை போகாதே என்று தாய் மணலும் தண்ணீரும் எடுத்துத் தேய்க்கிறாள். அப்போதுதான் பூதம் வருகிறது. விளக்கை முதலில் தேய்த்த கை அலாவுதீனுடையதல்ல, சகோதரிகளே, அவன் உம்மாவுடையது! சாமான் துலக்கிப் பழகிய கை அது.

பூதத்தைக் கண்டு அவள் மயங்கி விழுகிறாள். எழுந்ததும் அவள் மகனுக்குச் சொல்லும் புத்தி, இந்த விளக்கும் வேண்டாம், மோதிரமும் வேண்டாம், ஜின்களின் சகவாசம் நமக்கு ஆகாது என்பதுதான். நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ அதையே சொல்கிறாள். பிறகு மகன் ஸுல்தானின் மகளைக் கட்டித் தரும்படி கேட்டு வரச் சொல்லும்போது, இதென்ன பைத்தியம் என்று சிரிக்கிறாள். சிரித்துவிட்டும் போகிறாள். குகைத் தோட்டத்தில் பறித்த இரத்தினங்களை ஒரு சீனப் பாத்திரத்தில் அடுக்கி, துணியால் மூடி, ஸுல்தானின் சபையில் நாள் கணக்காக வாய் திறக்காமல் நிற்கிறாள். கடைசியில் ஸுல்தானே, தினமும் வந்து நிற்கும் இந்தப் பெண் யார் என்று கேட்கிறார். பெண் கேட்டுப் போன அனுபவமுள்ள மாமிமார்களுக்கு இந்த இடம் நன்றாக விளங்கும்.

டிஸ்னிக்காரர்கள் இவளை மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களின் முதல் திட்டத்தில் தாய் இருந்தாள். மகன் தாயை எண்ணிப் பாடும் பாட்டு ஒன்றும் தயாராகியிருந்தது. கதை இழுபடுகிறது என்று தாயை எடுத்தார்கள், பாட்டும் போயிற்று. பதிலுக்கு நமக்குக் கிடைத்தது ஒரு குரங்கும் ஒரு கிளியும். குரங்கு நல்ல குரங்குதான், என் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதன் மேல் உயிர். ஆனால் தாயின் இடத்தில் குரங்கா?

இன்னும் சில மாற்றங்கள் உண்டு. புத்தகத்தில் விளக்குக்கு ஒரு பூதம், மோதிரத்துக்கு ஒரு பூதம். மூன்று ஆசை என்ற எண்ணிக்கை அங்கே கிடையாது. 1940இல் வந்த பாக்தாத் திருடன் என்ற ஆங்கிலப் படத்தில் போத்தலிலிருந்து வரும் பூதம் சிறுவனிடம் மூன்று ஆசை என்கிறது. டிஸ்னியும் அதையே கைக்கொண்டது. அந்தச் சிறுவனாக நடித்த சாபு, மைசூரில் ஒரு யானைப் பாகனின் மகன், முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. உலகம் முழுவதும் பெயர் வாங்கினார். அதனால் அந்தப் படத்தை என்னால் முழுதாக வெறுக்க முடிவதில்லை. இன்னொரு செய்தி கேட்டால் பலர் நம்புவதில்லை: கதையில் அலாவுதீனின் ஊர் அரபு நாட்டில் இல்லை, சீனாவில்!

இனி அலிபாபாவுக்கு வருவோம். தமிழில் நம் உம்மாமார் பார்த்தது மொடர்ன் தியேட்டர்ஸாரின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956இல் வந்தது. டி.ஆர். சுந்தரத்தின் இயக்கம். முழு நீளத்துக்கும் வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப் படம் என்று பேரெடுத்தது. எம்.ஜி.ஆர். அலிபாபா, பி.எஸ். வீரப்பா கொள்ளையர் தலைவன், பானுமதி மர்ஜியானா. என் உம்மா அதைக் கொட்டாஞ்சேனையில் ஒரு படமாளிகையில் பார்த்துவிட்டு வந்து, கதையை விட்டுவிட்டு நிறங்களைப் பற்றியே ஒரு கிழமை கதைத்தாராம். பானுமதியின் பாட்டுக்கும் மிடுக்குக்கும் நானும் அடிமைதான். ஆனால் எம்.ஜி.ஆர். இருக்கும் படத்தில் வாள் யார் கையில் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

புத்தகத்தில் அலிபாபா ஒரு சாதுவான விறகு வெட்டி. குகையைக் கண்டுபிடித்தது தவிர, அவன் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. வீட்டைக் காப்பாற்றுவதெல்லாம் மர்ஜானா என்ற அடிமைப் பெண். காஸிம் குகைக்குள் போய், எள்ளின் பெயரை மறந்து (சீசேம் என்று நாம் கேட்கிறோமே, அது எள்தான், அரபியில் ஸிம்ஸிம்), வேறு தானியங்களின் பெயரையெல்லாம் சொல்லிப் பார்த்து, கதவு திறக்காமல் மாட்டிக் கொல்லப்படுகிறான். துண்டாக்கப்பட்ட மையித்தை ஊர் சந்தேகிக்காமல் அடக்க வேண்டும். மர்ஜானா முதலில் மருந்துக் கடைக்குப் போய், எஜமானருக்குக் கடும் சுகயீனம் என்று மருந்து வாங்குகிறாள். மறுநாள் இன்னும் கடுமையான மருந்து. பிறகு கிழட்டுச் செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து உடலைத் தைக்க வைக்கிறாள். கொள்ளையன் வாசற்கதவில் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் போட்டால், அவள் தெருவிலுள்ள மற்றக் கதவுகளிலும் அதே அடையாளத்தைப் போட்டுவிடுகிறாள்.

எண்ணெய் வியாபாரி வேடத்தில் தலைவன் வந்து தங்கும் இரவுதான் உச்சம். முப்பத்தெட்டு ஜாடிகள். ஒன்றில் எண்ணெய், முப்பத்தேழில் ஆட்கள். அடையாளம் போடத் தெரியாத இரண்டு பேர் முன்னரே கொல்லப்பட்டுவிட்டார்கள்; தலைவனையும் சேர்த்தால் நாற்பது சரியாக வரும். சிறுவயதில் விரல் விட்டு எண்ணிப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. மர்ஜானா அன்று ஜாடிப் பக்கம் போனது துப்பறிய அல்ல. குசினியில் விளக்கு அணைகிறது, வீட்டில் எண்ணெய் இல்லை. வியாபாரியின் ஜாடியில் கொஞ்சம் எடுக்கலாம் என்று போகிறாள். உள்ளிருந்து ஒரு குரல், நேரம் வந்துவிட்டதா என்று மெதுவாகக் கேட்கிறது. இன்னொருத்தி என்றால் கத்தியிருப்பாள். இவள் குரலை மாற்றி, இன்னும் இல்லை, பொறுங்கள் என்று ஒவ்வொரு ஜாடிக்கும் பதில் சொல்லிக்கொண்டே நடக்கிறாள்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றதே, நினைவிருக்கிறதா? வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று. அதற்கும் எண்ணெய் தட்டுப்பாடு. பிள்ளைகளுக்குக் காட்ட திரை ஏதுமில்லை. அந்த இரவுகளில்தான் இந்தக் கதையை ஆறு பிள்ளைகளுக்குச் சொன்னேன், அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து. "குசினியில் எண்ணெய் முடிந்துவிட்டது" என்ற இடத்தில் எல்லோரும் எங்கள் விளக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு வரிக்கு எந்தப் படமும் கிட்ட வராது. கொதிக்கும் எண்ணெயை ஊற்றும் இடத்தைச் சின்னவர்களுக்காகச் சற்றுச் சுருக்கிக்கொண்டேன். நீங்களும் அப்படிச் செய்யலாம், தவறில்லை.

கடைசியில் தலைவன் வேறொரு பெயரில் விருந்தாளியாக வருகிறான். உப்பில்லாத சாப்பாடு வேண்டும் என்கிறான். உப்புத் தின்ற வீட்டுக்குத் துரோகம் செய்யக் கூடாதே! சமைப்பவளுக்குத்தான் அது உறைக்கிறது: எந்த மனிதன் உப்பு வேண்டாம் என்பான்? வந்து முகத்தைப் பார்க்கிறாள், அறிந்துகொள்கிறாள். நடனமாடும் சாக்கில் குத்துவாளோடு வந்து அவனை முடித்துவிடுகிறாள். பரிசாக அவளுக்கு விடுதலை கிடைக்கிறது. அலிபாபாவின் மகனுக்கு அவளை நிக்காஹ் செய்து வைக்கிறார்கள். படத்தில் அவள் எம்.ஜி.ஆரின் ஜோடி. கதையில் அவள் யாருடைய ஜோடியாகவும் அந்த வீட்டைக் காக்கவில்லை.

இனிக் கொட்டாஞ்சேனைச் சகோதரியின் கேள்வி. நம்முடைய கதையா? பதில் சற்றுச் சிக்கலானது. பிரெஞ்சுக்காரரான அந்துவான் கலான், சிரியாவிலிருந்து கிடைத்த பழைய அரபுக் கையெழுத்துப் பிரதியை வைத்து 1704 முதல் 1717 வரை பன்னிரண்டு தொகுதிகள் வெளியிட்டார். அந்தப் பிரதியில் அலாவுதீனும் இல்லை, அலிபாபாவும் இல்லை. ஹலப் நகரத்திலிருந்து பாரிஸுக்கு வந்த ஹன்னா தியாப் என்ற இளைஞர் 1709இல் வாயால் சொன்ன கதைகள் அவை. அவர் ஒரு கிறிஸ்தவ அரபி. கலான் தன் நாட்குறிப்பில் அவர் பெயரை எழுதினார், அச்சிட்ட புத்தகத்தில் எழுதவில்லை. ஹன்னா ஊர் திரும்பித் துணி வியாபாரம் செய்து வாழ்ந்தார். முதுமையில் தன் பயணக் கதையை எழுதிவைத்தார். அது வத்திக்கான் நூலகத்தில் கிடந்து, எங்கள் காலத்தில்தான் வெளியுலகுக்கு வந்தது. ஆகவே சகோதரி, கதை சொன்னது ஹலப் நகரத்துக்காரர், அச்சேற்றியது பிரெஞ்சுக்காரர், நிறம் பூசியது சேலமும் ஹொலிவூட்டும்.

ஆனால் இரவுகளின் வேர் மிகப் பழையது. சிக்காகோவில் இருக்கும் ஒரு கிழிந்த காகிதத் துண்டில், தீனாஸாத் தன் சகோதரியிடம் கதை கேட்கும் இடம் அரபியில் இருக்கிறது. அந்தப் பழைய காகிதத்தின் வெற்றிடங்களில் யாரோ பிற்பாடு எழுதிப் பழகிய எழுத்தில் ஹிஜ்ரி 266 என்ற ஆண்டு, அதாவது கி.பி. 879. கதை அதற்கும் முந்தியது என்று அறுதியிட்டு 1949இல் வெளியிட்டவர் ஒரு பெண்: நபியா அபொட். துருக்கியின் மர்தினில் பிறந்து, இந்தியாவில் படித்து, சிக்காகோவில் பேராசிரியரானவர். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் தாய் கைஸுரானையும் மனைவி ஸுபைதாவையும் பற்றி 1946இல் தனி நூலே எழுதியவர். மகளுக்கு ஆங்கில வாசிப்புப் பழக்கம் இருந்தால் அந்த நூலைத் தேடிக் கொடுங்கள்.

என்னை உண்மையில் கோபப்படுத்தும் விஷயம் வேறு. ஜஃபர்! புத்தகத்தில் ஜஃபர் யார்? கலீஃபாவின் வஸீர், இரவில் மாறுவேடத்தில் கலீஃபாவோடு பாக்தாத் தெருக்களைச் சுற்றும் தோழர். வரலாற்றில் பர்மகீ குடும்பத்தைச் சேர்ந்த ஜஃபர் 803இல் அதே கலீஃபாவின் கட்டளையால் கொல்லப்பட்டார். கதையிலும் அடிக்கடி அவர் தலைதான் ஆபத்தில் இருக்கும். மூன்று நாளில் கொலைகாரனைக் கண்டுபிடி, இல்லாவிட்டால் உன் தலை போகும் என்பார் கலீஃபா. 1940 படம் இவரைக் கொடிய சூனியக்கார வஸீராக்கியது. டிஸ்னி அதே பெயரை எடுத்துக் கறுப்பு உடுப்பும் பாம்புக் கோலும் கொடுத்தது. நமது ஊரில் எத்தனை வீடுகளில் அந்தப் பெயரில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாடசாலையில் அந்தப் பிள்ளைக்கு என்ன பட்டப்பெயர் கிடைக்கும் என்றும் எண்ணிப் பாருங்கள். நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். தினத்தந்தியில் 1960 முதல் வரும் கன்னித்தீவு படக்கதையில் சிந்துபாத் நல்லவன், லைலா நல்லவள், மந்திரவாதியின் பெயர் மூஸா.

1992 படத்தின் முதற் பாட்டில், முகம் பிடிக்காவிட்டால் காதை வெட்டும் நாடு என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அமெரிக்காவிலுள்ள அரபிகள் எதிர்த்தார்கள். அடுத்த வருடம் வீடியோவாக வந்தபோது வரி மாறியது. ஆனால் அந்நாட்டைக் காட்டுமிராண்டி நாடு என்ற சொல் அப்படியே இருந்தது. 2019 படத்தில்தான் அதுவும் போனது. சின்ன விஷயத்துக்கு ஏன் இத்தனை சண்டை என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2015 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு கருத்துக் கணிப்பு நிறுவனம், அக்ரபா மீது குண்டு போடுவதை ஆதரிக்கிறீர்களா என்று வாக்காளர்களிடம் கேட்டது. குடியரசுக் கட்சியினரில் நூற்றுக்கு 30 பேரும், ஜனநாயகக் கட்சியினரில் 19 பேரும் ஆம் என்றார்கள். அக்ரபா டிஸ்னி படத்துக்காக உருவாக்கிய ஊர், சகோதரிகளே. உலக வரைபடத்தில் இல்லாத ஊர்!

கோபத்தை விட்டுவிட்டு நம் நாட்டுக்கு வருவோம். ஸிந்துபாதின் ஆறாவது பயணத்தில் கப்பல் உடைந்து, தெப்பம் கட்டி, மலைக்கடியில் ஓடும் ஆற்றில் இருட்டில் மிதந்து அவன் கரையேறும் நாடு எது தெரியுமா? ஸரந்தீப். நமது இலங்கை! இரவும் பகலும் சம நீளம், நடுவில் உயர்ந்த மலை, மாணிக்கம் விளையும் மண் என்று வர்ணனை வருகிறது. ஆதம் நபி இறங்கிய இடம் என்று அந்த மலைக்கும் போய் வருகிறான். நாம் பாவாத மலை என்கிறோமே, அதுதான். ஸரந்தீப் அரசன் கலீஃபாவுக்கு அனுப்பும் பரிசுகளில் ஒரே மாணிக்கத்தில் குடைந்த கிண்ணம் ஒன்று. பேருவளை சீனக்கோட்டை வியாபாரிகள் இந்த இடத்தை வாசித்தால் விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். கலான் பதிப்பின் ஏழாவது பயணத்தில் கலீஃபாவின் கடிதத்தோடு அவன் மறுபடியும் இங்கே வருகிறான். இப்னு பதூதா 1344இல் உண்மையாகவே வந்து மலையேறினார், அது தனிக் கதை.

இதைப் படத்தில் தேடினேன். 1958இல் வந்த புகழ்பெற்ற ஸிந்துபாத் படத்தில் ஒற்றைக்கண் அரக்கன் இருக்கிறான், வாள் சண்டை போடும் எலும்புக்கூடு இருக்கிறது, ஸரந்தீப் இல்லை. கொலோஸா என்று ஏதோ ஒரு தீவு. (அந்த எலும்புக்கூட்டை ரே ஹரிஹவுஸன் பொம்மையை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படம் பிடித்தார். இன்று பார்த்தாலும் ஆச்சரியம் குறையவில்லை.) 2003இல் வந்த சித்திரப் படம் இன்னும் மோசம். ஸிந்துபாதைக் கிரேக்க நகரத்துக்காரனாக்கி, கிரேக்கத் தெய்வத்தோடு மோதவிட்டார்கள். பாக்தாத்தும் இல்லை, பஸராவும் இல்லை.

எதை நம்புவது என்ற வெள்ளவத்தைச் சகோதரிக்கு: படத்தைப் படமாகப் பாருங்கள், பிறகு புத்தகத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஆனால் முழுப் பதிப்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ரிச்சர்ட் பர்ட்டன் 1885 முதல் 1888 வரை அச்சிட்ட ஆங்கிலப் பதிப்பு பெரியவர்களுக்கே முகம் சுளிக்க வைக்கும். ஷஹ்ரஸாத் ஏன் கதை சொல்லத் தொடங்கினாள் என்ற முதற் கதையும் பிள்ளைகளுக்குரியதல்ல. கறுப்பின மக்களை இழிவாகக் காட்டும் இடங்களும் உண்டு. அவற்றை நீங்கள் முதலில் வாசித்துத் தாண்டிவிடுங்கள். சிறுவர் பதிப்பு வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். அலாவுதீன் கதையைப் பிரித்து, விளக்கை முதலில் தேய்ப்பது யார் என்று பாருங்கள். உம்மா தேய்த்தால் வாங்குங்கள். ஆங்கிலம் வாசிக்கும் மகளுக்கு யாஸ்மின் ஸீல் என்ற பெண் 2018இல் மொழிபெயர்த்த அலாவுதீன் மெல்லிய நூல், கையடக்கம்.

இன்னொன்றும் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. தவத்துத் என்று ஒரு பெண் இந்த இரவுகளில் வருகிறாள். அவளுடைய எஜமானன் தந்தை சொத்தையெல்லாம் செலவழித்து நடுத்தெருவில் நிற்கிறான். என்னைக் கலீஃபாவிடம் கொண்டுபோய் பத்தாயிரம் தீனாருக்கு விற்றுவிடு என்று அவளே யோசனை சொல்கிறாள். ஹாரூன் அர்ரஷீத் ஊரிலுள்ள அறிஞர்களையெல்லாம் கூட்டுகிறார். குர்ஆன், மார்க்கச் சட்டம், மருத்துவம், நட்சத்திரக் கணக்கு, சதுரங்கம் என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள், அவள் பதில் சொல்கிறாள். பிறகு அவள் திருப்பிக் கேட்கிறாள், அவர்கள் முழிக்கிறார்கள். தோற்றவர் தம் அறிஞர் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒருவர் பின் ஒருவராகக் கழற்றுகிறார்கள். என்ன வேண்டும் கேள் என்கிறார் கலீஃபா. என் பழைய எஜமானிடமே திருப்பி அனுப்புங்கள் என்கிறாள், பரிசோடு அனுப்பிவைக்கிறார்.

வாளும் இல்லை, பறக்கும் கம்பளமும் இல்லை. இதை எந்தப் பெரிய படத்திலும் நான் பார்க்கவில்லை. எடுத்தால் செலவும் அதிகம் ஆகாது: ஒரு மண்டபம், ஒரு கலீஃபா, கொஞ்சம் தாடிக்காரர்கள், பேசத் தெரிந்த ஒரு பெண். மூலையில் அங்கிகள் குவிந்துகொண்டே போக வேண்டும்.